குகைக்குப் போகும் வழி: பயண எழுத்தில் ஒரு மௌனம்

1

அந்தமான் போய்வந்து எழுதப்படும் தமிழ்ப் பயணக் கட்டுரைகளில் மூன்று அத்தியாயங்கள் தவறுவதில்லை. ஒன்று செல்லுலார் சிறை. இன்னொன்று ஹேவ்லாக் தீவின் கடற்கரை (2018 முதல் அதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர்). மூன்றாவது பாரட்டாங் தீவின் சுண்ணாம்புக் குகை. இந்த மூன்றாவது அத்தியாயத்தை யார் எழுதினாலும் அமைப்பு மாறுவதில்லை. இருட்டோடு எழுந்து போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் அரசு மொழியில் ஸ்ரீ விஜயபுரம்) வண்டியில் கிளம்புகிறார்கள். ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கிறார்கள். குறித்த நேரத்தில் காவல்துறைப் பாதுகாப்புடன் 'கான்வாய்' புறப்படுகிறது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அடர்ந்த காடு. பிறகு ஒரு நீரிணை, வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொள்ளும் பெரிய படகு, அக்கரையில் பாரட்டாங். அங்கே லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஸ்பீட் போட்டில் ஏற வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் போகப் போகக் கழி குறுகுகிறது, இரண்டு பக்கத்துக் கிளைகளும் தலைக்கு மேலே கைகோத்துக் கூரை போடுகின்றன. நயாடேரா என்ற இடத்தில் இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் போல நடந்தால் குகை. வழிகாட்டி டார்ச் அடித்து, இது தாமரை, இது யானை, இது பிள்ளையார் என்று கல்விழுதுகளுக்குப் பெயர் சொல்வார். இயற்கையின் விந்தையை வியந்து அத்தியாயம் முடியும்.

சோதனைச் சாவடிக்கும் நீரிணைக்கும் இடைப்பட்ட அந்த 50 கிலோமீட்டரைப் பற்றி இந்தப் பிரதிகள் என்ன சொல்கின்றன? பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம். ஆதிவாசிகள் சிலரைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது என்றோ, கண்கொட்டாமல் பார்த்தும் ஒருவரும் தென்படவில்லை என்றோ அது அமையும். இரண்டும் ஒரே வாக்கியம்தான் என்பேன். பார்க்கக் கிடைத்தவர் மகிழ்கிறார், கிடைக்காதவர் ஏமாறுகிறார். பார்ப்பதற்கு உரிமை உண்டா என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

ஓட்டப்பிடாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பணி ஓய்வுக்குப் பிறகு பேக்கேஜில் போய்வந்தவர், எழுதுகிறவர் இல்லை. ஆகவே அவர் சொன்னதில் எழுத்தின் சாமர்த்தியமும் இல்லை: "குகைன்னு பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. நம்ம மணப்பாட்டுக் குகையக் காட்டிலும் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். போற வழியில ரெண்டு பேரு நின்னாங்க பாருங்க, குடுத்த காசு அதுக்கே சரியாப் போச்சு."

நமது பயண எழுத்து மறைக்கிற உண்மையை இந்தப் பேச்சு பளிச்சென்று சொல்லிவிடுகிறது. பாரட்டாங் பயணத்தில் குகை ஒரு சாக்கு. மனிதர்களைக் காட்டி டிக்கெட் விற்கச் சட்டத்தில் இடமில்லை. குகையைக் காட்டி விற்கலாம். 'போகும் வழி' என்ற பெயரில் உண்மையான காட்சி வந்துவிடுகிறது. 'போய்ச்சேரும் இடம்', 'வழி' என்ற சாதாரணப் பாகுபாடு இங்கே எப்படி ஓர் அரசியல் வேலையைச் செய்கிறது, நமது எழுத்து அதற்கு எப்படி ஒத்தாசை செய்கிறது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

2

ஓர் இடம் எவ்வாறு 'பார்க்க வேண்டிய இடம்' ஆகிறது? டீன் மக்கானல் 1976இல் வெளியான தனது நூலில் சொன்னதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: காட்சி என்பது பொருளில் தானாக இருப்பதன்று, பலகை, வழிகாட்டி நூல், அஞ்சலட்டை முதலிய குறிப்பான்கள்தாம் ஒரு பொருளைக் காட்சியாக்குகின்றன. ஜான் அர்ரி 1990இல் இதை ஃபூக்கோவின் துணையோடு விரித்து, சுற்றுலாப் பயணியின் கண் சுதந்திரமானது அல்ல, எதை எப்படிப் பார்க்க வேண்டுமெனப் பழக்கப்படுத்தப்பட்டது என்றார்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் கடற்கரைக்காரனுக்கு மேற்கத்திய நூல் கட்டாயமில்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் பழையகாயல், புன்னைக்காயல் பக்கத்தில் அலையாத்தி இருக்கிறது. நண்டுக்கும் மீனுக்கும் அந்தக் கழிக்குள் போகிறவர்கள் அதை வேலை செய்யும் இடமாகவே பார்க்கிறார்கள். பிச்சாவரத்துக் கழி 'இதயக்கனி' (1975) படத்துக்குப் பிறகு ஊரறிந்த காட்சி ஆனது. அதே தண்ணீரில் மண்டியிட்டுக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள் அந்தக் காட்சியின் ஓரத்தில் மங்கிப்போனார்கள்.

சுண்ணாம்பின் கதையும் இதுதான். கடல் உயிரிகளின் ஓடும் கூடும் படிந்து இறுகியது சுண்ணாம்புக்கல். கரியமிலவாயு கலந்த மழைநீர் அதைக் கரைத்துக் குகையாக்குகிறது. கரைந்தது சொட்டுச் சொட்டாகத் திரும்பப் படிந்து விழுதாகிறது. ஒரு விழுது விரற்கடை வளர நூற்றாண்டுகள் ஆகலாம். தொட்டுப் பார்க்கும் கைகளின் பிசுக்கு அந்த வளர்ச்சியையும் நிறுத்திவிடும். தூத்துக்குடிக் கடலில் அதே சுண்ணாம்பு முருகைக்கல்லாக, உயிருள்ள பவளப்பாறையாக இருந்தது. அதை வெட்டியெடுத்து வீடு கட்டினோம், காளவாயில் சுட்டோம், ஆலைகளுக்கு அனுப்பினோம். பவளம் 2001இல் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு வெட்டுவது அடங்குவதற்குள், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போயிருந்தன. வான்தீவு தேய்ந்து சிறுத்துவிட்டது. இங்கே தொழிலாக இருந்த பொருள் பாரட்டாங்கில் அதிசயமாக இருக்கிறதென்றால், வேறுபாடு பொருளில் இல்லை, பார்க்கிறவன் நிற்கும் இடத்தில் இருக்கிறது. அந்த நிலத்தோடு அவனுக்கு வேலை உறவு இல்லை, பார்வை உறவு மட்டும்தான்.

இந்த இடத்தில் நமது திணைக் கோட்பாட்டைக் கொண்டுவர விரும்புகிறேன். சூழலியல் பேசும் நண்பர்கள் பலர் திணையை, நிலமும் உயிரும் மனிதரும் இணைந்த முழுமை என்று கொண்டாடுகிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் என்ற வரிசை கருப்பொருள். உரைகாரர்கள் ஊரையும் மக்களையும் இதே வரிசையில் சேர்த்தார்கள். இந்த இரண்டோடு நின்றுவிட்டால் திணையியல் ஒரு சுற்றுலாக் கையேடாகிவிடும்: இந்நிலத்தில் இன்ன மரம், இன்ன பறவை, இன்ன மக்கள். அப்படி ஆகாமல் தடுப்பது உரிப்பொருள். முதல், கரு, உரி என்ற மூன்றில் ஒன்றைவிட அடுத்தது சிறந்தது என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. அதாவது அந்நிலத்து மனிதர்களின் ஒழுக்கமும் மன இயக்கமும் வராதவரை கவிதை இல்லை. நெய்தலில் கழியும் கண்டலும் வருவது அவற்றின் அழகுக்காக மட்டுமன்று. அங்கே காத்திருக்கும் ஒருத்தியின் மனத்திற்காக.

பாரட்டாங் கட்டுரைகளில் முதற்பொருள் தாராளமாக இருக்கிறது. கருப்பொருளும் இருக்கிறது, அதில் முதலை, கிளி, அலையாத்தி வரிசையில் ஜாரவாவும் ஒன்று. உரிப்பொருள் இல்லை. இருக்கிற மனம் எல்லாம் வண்டிக்குள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருடையது.

3

தமிழ் மனத்தில் அந்தமான் எப்போதிலிருந்து இப்படி ஆள் இல்லாத நிலமாயிற்று? நமக்கு அது முதலில் சிறை. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனாருக்கு 1908இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தீவாந்தர தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்து, கோவை, கண்ணனூர் சிறைகளில் கழிந்து, 1912இல் விடுதலை வந்தது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முந்தி, பாஞ்சாலங்குறிச்சி, சிவகங்கைப் போர்களுக்குப் பிறகு, 1802இல் தூத்துக்குடித் துறையிலிருந்துதான் கிளர்ச்சியாளர்களைப் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். எனவே 'தீவாந்தரம்' என்ற சொல்லுக்கு இந்த ஊர்களில் ஒரு கனம் உண்டு.

சினிமாவும் இந்தப் படிமத்தைத்தான் வளர்த்தது: 'அந்தமான் கைதி' (1952), 'அந்தமான் காதலி' (1978), 'சிறைச்சாலை' (1996). கைதி வந்தார், காதலி வந்தாள், வெள்ளைக்கார ஜெயிலர் வந்தார். தீவின் சொந்த மனிதர் இந்தக் கதைகளின் மையத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. கடத்தப்பட்டவனின் துயரத்தைப் பாடிய நாம், அவனை இறக்கிவிட்ட கரை யாருடையது என்று கேட்கவில்லை. 1858இல் தண்டனைக் குடியிருப்பு அமைந்தபோது பெருவாரியாக இருந்த பெரிய அந்தமானியர்களை நோய்கள் வாரிக்கொண்டு போயின, 1877இல் தட்டம்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் 44 பேர். காலனி அதிகாரியான எம்.வி.போர்ட்மன் அவர்களைக் கட்டம் போட்ட பலகைக்கு முன் நிறுத்தி 1890களில் படமெடுத்தார். அந்தக் கேமராவை எட்வர்ட் சயித்தின் மொழியில் விமர்சிக்க நமக்குத் தெரியும். கான்வாயில் போகிற நம்மவர் கையிலிருக்கும் கேமராவை என்ன மொழியில் விமர்சிப்பது?

பயண இலக்கியத்தில் நமக்கு வேறு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஏ.கே.செட்டியார் தன்னை ஒதுக்கி வைத்துவிட்டுச் சந்தித்தவர்களை முன்னால் கொண்டுவந்தார். சிட்டியும் ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யில் போய்ச்சேரும் இடம் என்று தனியே ஒன்றில்லை, வழிதான் நூல். 'இதயம் பேசுகிறது' என்று மணியன் ஆனந்த விகடனில் எழுதிய காலத்திலிருந்து வெகுஜனப் பத்திரிகைப் பயணத் தொடர் வேறு திசையில் பெருகியது. எழுதுகிறவரின் வியப்பே அதில் பொருளாயிற்று. வியப்பு தரும் புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம் எரிபொருள் செலவாகச் சுருங்கியது. இன்றைய பேக்கேஜ் கட்டுரை அதன் கடைசிக் குழந்தை.

4

அந்த 50 கிலோமீட்டரின் வரலாற்றை இப்போது சொல்ல வேண்டும், ஏனெனில் கட்டுரைகள் சொல்வதில்லை.

'ஜாரவா' என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. பெரிய அந்தமானிய மொழியொன்றில் 'அந்நியர்' என்ற பொருளில் வழங்கிய சொல். ஆங்கிலேயர் அதையே பெயராக்கினார்கள். அவர்கள் தம்மை 'அங்' என்கிறார்கள். அவர்களுடைய நிலத்தில் அவர்களுக்கே அந்நியர் என்று பெயர். மற்றமையைக் கட்டமைப்பது பற்றி நாம் எழுதிய பக்கங்களுக்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது.

1956இல் ஆதிப் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை வந்தது. 1957இல் ஜாரவா காப்பிடம் அறிவிக்கப்பட்டது. வெளியார் நுழையக் கூடாது என்று சட்டம் போட்ட அதே அரசு, பிறகு அந்தக் காப்பிடத்தின் ஊடாகவும் விளிம்பிலும் அந்தமான் பெருஞ்சாலையை வெட்டியது. ஜாரவாக்கள் அம்பால் எதிர்த்தார்கள். சாலைத் தொழிலாளர்கள் செத்தார்கள், துப்பாக்கிகளுக்கு ஜாரவாக்கள் செத்தார்கள். 1989இல் சாலை முடிந்தது. ஒரு சமூகம் தன்னால் முடிந்த ஒரே மொழியில் 'வராதே' என்று சொன்னதை மீறிப் போடப்பட்ட சாலை இது என்பதை மறக்கக் கூடாது.

1996இல் கால் முறிந்த ஜாரவாச் சிறுவன் ஒருவனுக்குப் போர்ட் பிளேரில் வைத்தியம் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். 1997 இறுதியிலிருந்து ஜாரவாக்கள் ஆயுதமின்றிச் சாலைக்கும் குடியிருப்புகளுக்கும் வரத் தொடங்கினார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 1877க்கும் 1999க்கும் இடையில் ஆட்சி மாறியது, கொடி மாறியது, நோய் மாறவில்லை. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளையொட்டி, காப்பிடத்துக்குள் செல்லும் சாலைப் பகுதியை மூட உத்தரவிட்டது. மூடப்படவில்லை. 2004இல் ஜாரவாக் கொள்கை, 2007இல் காப்பிடத்தைச் சுற்றி இடைப்பட்டைப் பகுதி என்று காகிதங்கள் சேர்ந்தன. கான்வாயும் போய்க்கொண்டிருந்தது.

2012 ஜனவரியில் லண்டன் 'அப்சர்வர்' இதழ் வெளிக்கொணர்ந்த ஒளிப்படக் காட்சி உலகமெங்கும் பேசப்பட்டது: உணவுக்காக ஜாரவாப் பெண்கள் ஆட வைக்கப்படுகிறார்கள். 'மனித சஃபாரி' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. அந்த ஆண்டே ஒழுங்குமுறை திருத்தப்பட்டுத் தண்டனைகள் கூடின. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையில் சுற்றுலாப் பயணிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மார்ச்சில் தடை நீங்கியது. இடையிலிருந்த சில வாரங்கள் நமது விவாதத்துக்கு முக்கியம். சாலை இல்லையென்றதும் குகைக்குப் போகும் வியாபாரமும் படுத்துவிட்டது. குகை தன் காலில் நிற்கவில்லை.

2017இல் பாரட்டாங்குக்குக் கடல்வழி திறக்கப்பட்டது. காட்டைத் தொடாமலே குகைக்குப் போகலாம். ஆனாலும் பெரும்பாலோர் சாலையிலேயே போகிறார்கள். நேரம், கட்டணம், கடலின் கொந்தளிப்பு என்று காரணம் சொல்லப்படுகிறது. எல்லாம் மெய்யாகவே இருக்கலாம். சாலையில் கிடைக்கக்கூடிய அந்த 'ரெண்டு பேரு' கடலில் கிடைக்கமாட்டார்கள் என்பதும் மெய்.

வண்டியை நிறுத்தாதே, படமெடுக்காதே, உணவு கொடுக்காதே, முந்திச் செல்லாதே என்பவை சோதனைச் சாவடியின் விதிகள். தடுக்கப்படாத ஒரே செயல் பார்ப்பது. எல்லாத் தடைகளும் சேர்ந்து பார்வையை இன்னும் கூர்மையாக்குகின்றன, தடை செய்யப்பட்ட பண்டமாக்கி விலையேற்றுகின்றன. 2011 கணக்கில் ஜாரவாக்கள் 380 பேர். அவர்களைக் கடந்து நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான வண்டிகள்.

5

எதிர்வாதங்கள் வரும். வர வேண்டும்.

'வடக்கே ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் மக்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்கள்?' நியாயமான கேள்வி. அங்கே குடியேற்றப்பட்டவர்களும் பெரும்பாலும் இடம்பெயர்க்கப்பட்டவர்களே: கிழக்கு வங்கத்து அகதிகள், காடு வெட்டச் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்டு 'ராஞ்சிக்காரர்' என்று ஒற்றைப் பெயரிடப்பட்ட ஓராவோன், முண்டா, காரியா ஆதிவாசிகள், பிழைக்கப் போன நம் தமிழர்கள். ஓர் ஆதிவாசியின் நிலத்தை வெட்ட இன்னொரு ஆதிவாசியைக் கொண்டுவந்ததுதான் ஆட்சியின் கெட்டிக்காரத்தனம். பாரட்டாங் படகோட்டிகளின் சோற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் நோயாளியை ஏற்றிப்போகும் வண்டியும் குகை பார்க்கப்போகும் வண்டியும் ஒன்றல்ல. 2013இன் இடைக்கால உத்தரவே அந்த வேறுபாட்டைச் செய்துகாட்டியது. குடியிருப்போரின் தேவையை முன்னால் நிறுத்திச் சுற்றுலாவின் கான்வாயை அதன் முதுகுக்குப் பின்னால் ஓட்டுவது மோசடி. படகோட்டிகளுக்குக் கடல்வழிப் பயணிகளும் பயணிகளே.

'அவங்களே ரோட்டுக்கு வர்றாங்க, நாம என்ன செய்ய? காட்சிப் பொருளா காட்டுக்குள்ளேயே வைக்கச் சொல்றீங்களா?' இடதுசாரி நண்பர்களிடமும் இதைக் கேட்டிருக்கிறேன். 'மைய நீரோட்டம்' என்ற பெருங்கதையாடலில் அவர்களுக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. காட்டிலேயே இருக்கட்டும் என்று தீர்மானிக்கும் உரிமையும் நமக்கில்லை, வெளியே வரட்டும் என்று தீர்மானிக்கும் உரிமையும் நமக்கில்லை. வருவதும் வராததும் அவர்களுடைய முடிவாக இருக்க, வர மறுப்பதற்கான இடம் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த மறுப்பின் சாத்தியத்தைத்தான் சாலை அழிக்கிறது. சாலைக்கு வந்தவர் சம்மதித்தவர் என்று வாசிப்பது, தெருவுக்கு வந்த பெண்ணைப் பார்க்க எனக்கு உரிமையுண்டு என்கிறவனின் வாசிப்பு.

மூன்றாவது, சொல்லப்படாமல் உள்ளே ஓடும் வாதம்: அந்தமான் நம்முடையது. நிக்கோபாரை மாநக்கவாரம் என்று குறிக்கும் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியை நம்மவர் மேற்கோள் காட்டாத மேடையில்லை. 2024இல் போர்ட் பிளேரின் பெயரை மாற்றிய ஒன்றிய அரசும் சோழர் கடற்படைத் தளம் என்ற பெருமையைத்தான் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. இராசேந்திரன் படையெடுத்துத் தாக்கிய ஸ்ரீ விஜயத்தின் பெயரையே சூட்டிவிட்டுச் சோழப் பெருமை பேசும் வேடிக்கை ஒருபுறம் கிடக்கட்டும். ஆதிக்கத்தால் அடிபட்ட இனம் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிற நாம், கடாரம் கொண்டான் என்ற பெயரில் மட்டும் ஆதிக்கத்தைக் கொண்டாடுகிறோம். கான்வாயில் தமிழில் பேசிக்கொண்டு போகிறவரின் கண்ணுக்கும் இந்தப் பெருமைக்கும் தொடர்பு இருக்கிறது.

6

யாரும் அந்தமானுக்குப் போகக் கூடாது, அலையாத்தியின் நிழலை, நீர் சொட்டிச் சமைத்த கல்லைப் பார்த்து வியக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகிறவர்கள் கடல்வழியே போகட்டும். சாலையைச் சுற்றுலாவுக்கு அடைக்கவும், 2002 உத்தரவைச் செயல்படுத்தவும் பழங்குடி உரிமை அமைப்புகள் தொடர்ந்து கேட்டுவருகின்றன. அந்தக் குரலோடு தமிழ் எழுத்தாளர் அமைப்புகளும் பெயரளவிலேனும் சேர வேண்டும்.

எழுதுகிறவர்களிடம் வேண்டுவது இன்னும் சிறியது. பயணக் கட்டுரையில் வழியை எழுதுங்கள். எந்தச் சாலையில், யாருடைய நிலத்தின் ஊடாக, யாருடைய உத்தரவை மீறிப் போனீர்கள் என்று எழுதுங்கள். யாரையும் பார்த்த கதையை எழுதுவதற்கு முன்னால், வண்டி கடந்துபோன பிறகு சாலையோரத்தில் நின்றவர் உங்களைப் பற்றி என்ன பேசியிருப்பார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அவருக்கும் அன்றைய பொழுது இருந்தது, தேன் எடுக்கவோ பன்றி வேட்டைக்கோ போகும் வேலை இருந்தது. பயணக் கட்டுரை வெளியிடும் பத்திரிகை ஆசிரியர்கள், பாரட்டாங் அத்தியாயம் கைக்கு வந்தால், ஜிர்காட்டாங்குக்கும் நீரிணைக்கும் நடுவே என்ன நடந்தது என்று எழுதியவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம்.